விளக்கு அணைந்தால் போதுமா?

(பெங்களூரில் ஓர் இரவு நேர எழுத்தறிவு மையத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)



இன்று நாம் பேசப் போவது நீச்சல் குளத்து விளக்கைப் பற்றி. அந்த விளக்கைப் போட்டு அணைக்கும் டைமரைப் பற்றியும் பேசுவோம்.

இங்கே இருப்பவர்களில் பலருக்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேலை. சிலர் நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்கிறீர்கள். சிலர் தோட்ட வேலை பார்க்கிறீர்கள். சிலர் இரவுக் காவல். குளத்தில் நீந்துகிறவர்கள் வேறு. அந்தக் குளத்தில் தினமும் கை வைக்கிறவர்கள் நீங்கள். விளக்கு எரியவில்லை என்றால் முதலில் கூப்பிடுவது உங்களைத்தான்.

2023 டிசம்பர் மாதக் கடைசியில், இதே பெங்களூரில், வர்த்தூர் பகுதியில் ஒரு குடியிருப்பின் நீச்சல் குளத்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். தண்ணீரில் மின்சாரம் கசிந்ததே காரணம் என்று புகார் எழுந்தது. 2024 பிப்ரவரியில் போலீசார் ஏழு பேரைக் கைது செய்தார்கள். குடியிருப்போர் சங்கத்தைச் சேர்ந்தவர்களோடு பராமரிப்பு வேலை பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள்.

ஒரு குழந்தையின் உயிர் போனது. வேலைக்கு வந்தவர்கள் போலீஸ் நிலையத்தில் நின்றார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

என் அண்ணன் உரிமம் பெற்ற ஒயர்மேன். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், புத்தகங்களில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.

தண்ணீரும் மின்சாரமும்

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். மின்சாரம் ஓடும் அளவை ஆம்பியர் என்று சொல்வார்கள். ஒரு ஆம்பியரை ஆயிரம் கூறு போட்டால், ஒரு கூறு ஒரு மில்லி ஆம்பியர்.

ஒரு 60 வாட் குண்டு பல்பு எரிய ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் வேண்டும். மனித உடம்புக்கு எவ்வளவு போதும் தெரியுமா?

ஒரு மில்லி ஆம்பியர் உடம்பில் ஓடினால் சுரீர் என்று தெரியும்.

பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர் ஓடினால் கை இறுகிவிடும். பிடித்த கம்பியை விட நினைத்தாலும் விட முடியாது.

முப்பதுக்கு மேல் போனால் மூச்சு விடவே கஷ்டம். ஐம்பது, நூறு என்று போனால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகலாம்.

ஒரு சின்ன பல்பை முழுதாக எரிய வைக்கப் போதாத மின்சாரம், ஓர் ஆளைக் கொன்றுவிடும்.

உடம்பு காய்ந்திருந்தால் தோல் கொஞ்சம் தடுக்கும். நனைந்திருந்தால் அந்தத் தடுப்பு மிகவும் குறைந்துவிடும். குளத்துத் தண்ணீரில் குளோரின் மருந்து கலந்திருக்கிறது. உப்பும் இருக்கிறது. அதனால் மின்சாரம் அதில் சுலபமாக ஓடும்.

குளத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தரையில் ஷாக் அடித்தால் ஆள் விழுவார், கத்துவார். தண்ணீருக்குள் ஷாக் அடித்தால் கையும் காலும் அசையாது. சத்தம் வராது. அப்படியே மூழ்கிவிடுவார். பார்க்கிறவர்கள் நீச்சல் தெரியாமல் மூழ்கினார் என்றுதான் நினைப்பார்கள். காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதிதான்.

சுவருக்குள் இருக்கும் விளக்கு

நீச்சல் குளத்து விளக்கு சுவரில் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். முன்னால் கண்ணாடி. கண்ணாடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பது அந்த வளையம்தான். விளக்குக்குப் பின்னால் குழிக்குள் கூடுதல் ஒயர் சுருட்டி வைத்திருப்பார்கள். பழுது பார்க்கும்போது விளக்கைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிக் கரையில் வைப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள்.

தண்ணீரில் இருக்கும் விளக்குக்கு 230 வோல்ட் நேராகப் போகக் கூடாது. நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டும். அது 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும். 12 வோல்ட் உடம்புக்கு ஆபத்து மிகக் குறைவு.

இதற்குக் கண்ட டிரான்ஸ்ஃபார்மர் ஆகாது. 230 வோல்ட் பக்கமும் 12 வோல்ட் பக்கமும் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகப் பிரித்துச் செய்த பாதுகாப்பு டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும். அது குளத்தை விட்டுத் தள்ளி, நனையாத இடத்தில் இருக்க வேண்டும். கரையில், செடிக்கு நடுவில், சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தால் அது தவறு.

படிக்கத் தெரிந்ததன் பயனை இங்கே பாருங்கள். விளக்கின் மேலும் டிரான்ஸ்ஃபார்மர் மேலும் எண்கள் இருக்கும். எழுத்து எந்த மொழியில் இருந்தாலும் எண் ஒன்றுதான். விளக்கில் 12 என்று இருக்கிறதா? டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு பக்கம் 230, மறு பக்கம் 12 என்று இருக்கிறதா? விளக்கில் ஐ.பி. 68 என்று இருக்கிறதா? இதில் 6 என்றால் தூசி புகாது. 8 என்றால் தண்ணீருக்குள்ளேயே இருக்கலாம். ஐ.பி. 65 என்று இருந்தால் அது மழைச் சாரலைத் தாங்கும். குளத்துக்குள் வைக்க ஆகாது.

பழைய வகைப் பெரிய விளக்குகள் 300 வாட் இருக்கும். அவை அதிகம் சூடாகும். சுற்றியிருக்கும் தண்ணீர்தான் அந்தச் சூட்டைத் தணிக்கிறது. அதனால் தண்ணீர் இறைத்த குளத்தில் அவற்றைப் போட்டுப் பார்க்கக் கூடாது. கண்ணாடி வெடித்துவிடும். இப்போது வரும் எல்.இ.டி. விளக்குகளுக்கு இருபது, முப்பது வாட்டே போதும். அவற்றையும் தண்ணீர் இல்லாமல் போட வேண்டாம்.

டைமர் என்ன செய்கிறது?

டைமர் ஒரு கடிகாரமும் ஸ்விட்சும் சேர்ந்த பொருள். நாம் குறித்துக் கொடுத்த நேரத்தில் அது விளக்கைப் போடும். குறித்த நேரத்தில் அணைக்கும். குளத்துத் தண்ணீரைச் சுற்றவிடும் பம்புக்கும் இப்படி ஒரு டைமர் இருக்கும்.

பல இடங்களில் வட்டத் தட்டு வைத்த டைமர் இருக்கிறது. தட்டின் மேல் 1 முதல் 24 வரை எண்கள். பகல் 12 மணிக்குப் பிறகு 13, 14 என்று போகும். மாலை 6 மணி என்பது 18. இரவு 10 மணி என்பது 22. மணியோடு 12 கூட்டினால் கிடைத்துவிடும்.

தட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். பெரும்பாலும் 96 பற்கள். ஒரு பல்லுக்குக் கால் மணி நேரம். ஒரு மணிக்கு நான்கு பல். மாலை 6 முதல் இரவு 10 வரை விளக்கு எரிய எத்தனை பல்லைத் தள்ள வேண்டும்? நான்கு மணி நேரம், நான்கு நான்காகப் பதினாறு. சில டைமரில் பல்லை வெளியே தள்ளினால் எரியும். சிலவற்றில் உள்ளே அழுத்தினால் எரியும். தட்டில் போட்டிருக்கும் குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்தைச் சரி செய்யத் தட்டை அம்புக்குறி காட்டும் பக்கம் மட்டும் திருப்புங்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால் பல்சக்கரம் கெட்டுவிடும்.

இந்த வகை டைமர் மின்சாரத்தில் ஓடுவது. கரண்ட் போனால் அதுவும் நிற்கும். இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை என்றால் டைமர் இரண்டு மணி நேரம் பின்தங்கிவிடும். மாலை 6 மணிக்கு வர வேண்டிய விளக்கு 8 மணிக்கு வரும். இரவு 10 மணிக்கு அணைய வேண்டியது 12 மணிக்கு அணையும். உள்ளே பேட்டரி வைத்த டைமர் பின்தங்காது. ஆனால் அந்தப் பேட்டரியும் ஒரு நாள் தீர்ந்துபோகும். அதனால் கரண்ட் வந்து போன நாளில் டைமரின் நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பாருங்கள்.

டைமர் பெட்டியைத் திறந்தால், தட்டுக்குப் பின்னால் ஒயர் முனைகள் இருக்கும். அவற்றை மறைக்க ஓர் உள்மூடி உண்டு. உள்மூடி இல்லாமல் ஒயர் முனைகள் வெளியே தெரிந்தால் தொடாதீர்கள். கை ஈரமாக இருந்தாலும், காலில் செருப்பு இல்லாவிட்டாலும், தரை நனைந்திருந்தாலும் தொடாதீர்கள்.

பம்பு அறையில் குளோரின் டப்பாக்களை அடுக்கி வைக்கிறார்கள். அந்தப் புகை டைமரின் செம்பு முனைகளை அரித்துப் பச்சையாக்கிவிடும். அரித்த முனை சூடாகும், கருகும், தீப்பிடிக்கும். மருந்துக்கு வேறு இடம் கேளுங்கள். மருந்தையும் ஆசிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் விஷப் புகை வரும்.

அணைந்த விளக்கு வேறு, மின்சாரம் நின்ற விளக்கு வேறு

இப்போது சொல்வதுதான் இன்றைய பேச்சில் முக்கியமானது.

விளக்கு எரியவில்லை. அதைத் தொடலாமா? பல பேர் தொடலாம் என்று நினைக்கிறார்கள். தொடக் கூடாது. ஏன்?

முதல் காரணம். டைமர் விளக்கை அணைத்திருக்கிறது. அது எப்போது வேண்டுமானாலும் மறுபடி போடும். நீங்கள் உள்ளே கை வைத்திருப்பது அதற்குத் தெரியாது. கரண்ட் போய் வந்து நேரம் மாறியிருந்தால், எப்போது போடும் என்று உங்களுக்கும் தெரியாது.

இரண்டாவது காரணம். டைமர் பெரும்பாலும் ஓர் ஒயரை மட்டும்தான் துண்டிக்கும். யாராவது முன்பு ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தால், விளக்கு அணைந்த பிறகும் மற்ற ஒயரில் மின்சாரம் நிற்கும்.

மூன்றாவது காரணம். பல்பு கெட்டிருக்கலாம். பல்பு கெட்டதால் எரியவில்லை, மின்சாரம் அங்கேயே இருக்கிறது.

நான்காவது காரணம். "கரண்ட் போயிடுச்சு, அதுக்குள்ள வேலையை முடிச்சிடலாம்" என்று சிலர் இறங்குகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜெனரேட்டர் இருக்கிறது. சில நொடிகளில் அது தானாக ஓட ஆரம்பிக்கும்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? வரிசையாகச் சொல்கிறேன்.

1. குளத்தில் இருப்பவர்களை வெளியே வரச் சொல்லுங்கள்.

2. அந்த விளக்குக்கு உரிய எம்.சி.பி. எது என்று பார்த்து அணையுங்கள். நெம்புகோலில் நேர்க்கோடு தெரிந்தால் மின்சாரம் ஓடுகிறது. வட்டம் தெரிந்தால் அணைத்தாயிற்று. டைமரின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது.

3. பெட்டியைப் பூட்டுங்கள். சாவி வேலை செய்கிறவரின் பையில் இருக்கட்டும்.

4. பெட்டியின் மேல் அட்டை மாட்டுங்கள்.

5. மின்சாரம் இல்லை என்பதை ஒயர்மேன் சோதித்துப் பார்க்க வேண்டும். முதலில் மின்சாரம் இருக்கும் வேறோர் இடத்தில் டெஸ்டரை வைத்து, டெஸ்டர் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்ப்பார். பிறகு மறுபடி முதல் இடத்தில் பார்ப்பார். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது அல்லவா? அதற்குத்தான் மூன்று முறை. 12 வோல்ட் ஒயரில் சாதாரண டெஸ்டர் எரியாது. அதற்கு மீட்டர் வேண்டும்.

6. வேலை முடிந்து, எல்லோரும் விலகிய பிறகு, பூட்டியவரே திறக்க வேண்டும். வேறு யாரும் திறக்கக் கூடாது.

அட்டையில் என்ன எழுதுவது?

நீங்கள் எழுதப் பழகிய எழுத்து இங்கே ஓர் உயிரைக் காக்கும். இப்படி எழுதுங்கள்:

ஆள் வேலை செய்கிறார்.
மின்சாரம் போடாதே.
பெயர்:
நேரம்:

தமிழில் எழுதினால் போதுமா? உங்களோடு வேலை செய்கிறவர்களில் கன்னடக்காரர் இருக்கிறார். ஒடிசாவில் இருந்து வந்தவர் இருக்கிறார். அசாமில் இருந்து வந்தவர் இருக்கிறார். ஸ்விட்சைப் போடப் போகிறவர் அவராகவும் இருக்கலாம். அதனால் கன்னடத்திலும் இந்தியிலும் எழுதித் தரச் சொல்லி அட்டையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னும் படிக்கக் கற்காதவருக்காக ஒரு கையைப் படம் போட்டு, அதன் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு போடுங்கள். படிக்கத் தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அவரை நாம் மறக்கக் கூடாது.

உயிரைக் காக்கும் பெட்டி

மின்பெட்டியில் எம்.சி.பி. இருக்கும். பக்கத்தில் ஆர்.சி.சி.பி. என்று இன்னொன்று இருக்க வேண்டும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். வேலை வேறு வேறு.

எம்.சி.பி. ஒயரைக் காக்கிறது. 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், அதற்கு மேல் ஓடினால்தான் அது விழும். 6 ஆம்பியர் என்பது 6000 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல 50 அல்லது 100 போதும் என்று பார்த்தோம். அப்படியானால் எம்.சி.பி. விழுவதற்கு முன்பே ஆள் போய்விடுவார்.

ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்கிறது. அதன் மேல் 30 என்ற எண்ணைப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழுந்துவிடும். கண் மூடித் திறப்பதற்குள் விழும்.

அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஓர் ஒயரில் போன மின்சாரம், மற்ற ஒயரில் அதே அளவு திரும்பி வர வேண்டும். போனது நூறு, வந்தது எழுபது என்றால் முப்பது எங்கே போனது? எங்கோ தண்ணீர் வழியாகவோ, ஓர் ஆளின் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது. கணக்கு இடித்தவுடன் அது மின்சாரத்தை நிறுத்திவிடும்.

அமெரிக்காவில் சார்லஸ் டால்ஸியல் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். எவ்வளவு மின்சாரம் ஓடினால் மனிதரால் கையை விட முடியாது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1961-ல் இப்படிக் கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் கருவி ஒன்றை உருவாக்கினார். 1968-ல் அந்த நாட்டு மின் விதிகள் இந்தக் கருவி கட்டாயம் என்று முதலில் சொன்னது எதற்குத் தெரியுமா? நீச்சல் குளத்தில் தண்ணீருக்கு அடியில் இருக்கும் விளக்குகளுக்கு. அங்கேதான் ஆபத்து அதிகம் என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

ஆர்.சி.சி.பி.யின் மேல் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதில் ஓர் ஆங்கில எழுத்து, ஒரு கம்பத்தின் மேல் குறுக்குக் கட்டை வைத்தது போல இருக்கும். அது சோதிக்கும் பொத்தான். மாதம் ஒரு முறை, குளத்தில் யாரும் இல்லாதபோது, அதை அழுத்துங்கள். நெம்புகோல் படக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது செத்த பெட்டி. மெயினை அணையுங்கள். குளத்தை மூடச் சொல்லுங்கள். ஒயர்மேன் வந்து மாற்றிய பிறகே திறக்க வேண்டும்.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறதா? "இது தொல்லை" என்று சிலர் அதைக் கழற்றிவிட்டு நேராக ஒயர் கொடுத்துவிடுகிறார்கள். அது விழுவது தொல்லை இல்லை. எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது. கசியும் இடத்தைத்தான் தேட வேண்டும்.

இந்தப் பெட்டி இருக்கிறதே என்று தைரியமாகக் கை வைக்கவும் கூடாது. ஒருவர் இரண்டு ஒயரையும் இரண்டு கையால் பிடித்தால், போனதும் வந்ததும் சரியாக இருக்கும். பெட்டிக்குத் தெரியாது. விழாது.

பச்சை நிற ஒயர் எர்த் ஒயர். சிலவற்றில் பச்சையும் மஞ்சளும் கலந்திருக்கும். அது அறுந்து தொங்கினாலோ, கழன்றிருந்தாலோ உடனே சொல்லுங்கள்.

எது நம் வேலை, எது ஒயர்மேன் வேலை?

தினமும் காலையில் குளத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். விளக்குக் கண்ணாடிக்குள் தண்ணீர் நிற்கிறதா? ஆவி படிந்திருக்கிறதா? துரு நிறம் தெரிகிறதா? கண்ணாடியில் கீறல் இருக்கிறதா? விளக்கு சுவரை விட்டு வெளியே வந்து தொங்குகிறதா? கரையில் ஒயர் தெரிகிறதா? டேப் சுற்றிய ஒட்டு இருக்கிறதா? டைமர் பெட்டியில் கருகிய வாசனை வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எம்.சி.பி.யை அணையுங்கள். யாரையும் குளத்தில் இறங்க விடாதீர்கள். சொல்லி அனுப்புங்கள்.

பார்ப்பது, அணைப்பது, சொல்வது, எழுதி வைப்பது நம் வேலை. டைமரில் நேரம் வைப்பதும், மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடியின் வெளிப்புறத்தைத் தேய்ப்பதும் நம் வேலை.

விளக்கைக் கழற்றுவது, ரப்பர் வளையம் மாற்றுவது, ஒயர் ஒட்டுவது, டிரான்ஸ்ஃபார்மரைத் தொடுவது, டைமருக்கு ஒயர் கொடுப்பது ஒயர்மேன் வேலை. அவர் அரசு உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். விளக்கைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் புது ரப்பர் வளையம் போட வேண்டும். பழையதையே திருப்பிப் போட்டால் தண்ணீர் புகும்.

ஆபத்து வந்தால்

குளத்தில் யாராவது திடீரென்று அசையாமல் போனால், அல்லது "உடம்பு ஜிவ்வென்கிறது" என்று கத்தினால், முதலில் தண்ணீரில் குதிக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். குளத்து மெயின் எது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைக்கச் சொல்லுங்கள்.

மற்றவர்களை விளக்கை விட்டு விலகி வெளியே வரச் சொல்லுங்கள். இரும்பு ஏணியையும் கைப்பிடிக் கம்பியையும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மெயினை அணைக்க முடியாவிட்டால், காய்ந்த மூங்கில், காய்ந்த கயிறு, மிதவை வளையம் இவற்றை நீட்டி இழுங்கள். ஒன்று கவனம். நாம் குளம் சுத்தம் செய்யும் நீளக் கழி பெரும்பாலும் அலுமினியம். அதில் மின்சாரம் பாயும். அதை நீட்டக் கூடாது.

வெளியே எடுத்ததும் 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம் அழுந்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. பழகியவர்கள் இருந்தால் 30 முறை அழுத்தி, 2 முறை வாயில் ஊதுவார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை விடக் கூடாது. பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"முடியாது" என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் கேட்கலாம். "இதெல்லாம் சரி. இன்று இரவு பார்ட்டி, விளக்கு எரிந்தே ஆக வேண்டும், நீயே கழற்றிப் பார் என்று சூப்பர்வைசர் சொன்னால் என்ன செய்வது? வேலை போய்விடுமே?"

நியாயமான கேள்வி. சம்பளம் இல்லாமல் அடுப்பு எரியாது. சண்டை போடச் சொல்லவில்லை. இப்படிச் சொல்லுங்கள்: "சார், எம்.சி.பி.யை அணைத்துவிட்டேன். விளக்குக்குள் தண்ணீர் இருக்கிறது. ஒயர்மேன் வந்தால் கூட நின்று உதவி செய்கிறேன். இப்போது போட்டால் உள்ளே இருக்கிறவர்களுக்கு ஆபத்து." பெரும்பாலான நேரம் இது போதும். விளக்கு இல்லாமல் ஒரு பார்ட்டி நடக்கும். குழந்தை இல்லாமல் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியும். இருட்டில் யாரும் தண்ணீரில் இறங்காதபடி கதவைப் பூட்டிவிடலாம்.

சொன்னதோடு நிற்காதீர்கள். எழுதி வையுங்கள். பம்பு அறையில் ஒரு நோட்டு வையுங்கள். இப்படி எழுதினால் போதும்:

12-ம் தேதி, காலை 7 மணி.
கிழக்குச் சுவர், 2-ம் விளக்கு.
உள்ளே தண்ணீர் தெரிகிறது.
எம்.சி.பி. அணைத்துப் பூட்டினேன்.
7.15-க்குச் சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

கீழே கையெழுத்துப் போடுங்கள். சூப்பர்வைசரிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஏதாவது நடந்தால், "யார் பார்த்தது? யார் சொன்னது?" என்ற கேள்வி வரும். வாயால் சொன்னதை மறுக்கலாம். எழுதியதை மறுப்பது கஷ்டம். அந்த ஐந்து வரி குழந்தைகளையும் காக்கும், உங்களையும் காக்கும்.

ஊரில் கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரண்ட் வந்ததும் தானாக ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறதே, அதற்கும் இதே பாடம்தான். மோட்டார் ஓடவில்லை என்பதால் மின்சாரம் இல்லை என்று நினைக்காதீர்கள். மெயினை இறக்கி, பூட்டி, அட்டை மாட்டிவிட்டுக் கை வையுங்கள். ஊருக்குப் போன் செய்யும்போது வீட்டிலும் சொல்லுங்கள்.

பேசிப் பார்ப்போம், எழுதிப் பார்ப்போம்

1. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? நாளை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

2. கரண்ட் மூன்று மணி நேரம் இல்லை. தட்டு டைமர் இப்போது எத்தனை மணி காட்டும்? 18-ல் வர வேண்டிய விளக்கு எப்போது வரும்?

3. எச்சரிக்கை அட்டை ஒன்றை உங்கள் கையால் எழுதிக் கொண்டு வாருங்கள். நாளை அதை வேலை செய்யும் இடத்தில் மாட்டுவோம்.

அட்டையும் பேனாவும் மேசை மேல் இருக்கின்றன. வாருங்கள், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.